நாலாயிரத்து நூற்றுப் பதினேழாவது வரி

கடிதம் கட்டம் போட்ட பள்ளித் தாளில் வந்தது,
ஹீயுமா தீவிலிருந்து, நீல மையில்.
உறையைப் பிரித்ததும் புகைபோட்ட மீன் வாசம்.
தார்த்து நகரில், மருந்துக் கண்காணிப்பு அலுவலகத்தின்
மூன்றாம் மாடியில், மாரிகா
அதைக் குறியீடாக மாற்ற வேண்டும்.

"என் கணவர் எண்டெல். படகு மெக்கானிக்.
ஊசி போட்ட ஐந்தாம் நாள்
ரேடியோவை அணைக்கச் சொன்னார்.
ரேடியோ ஓடவே இல்லை.
முன்பெல்லாம் இன்ஜின்மேல் காதை வைத்தே
கோளாறு சொல்லிவிடுவார்.
இப்போது சின்னப் பையன்களைக் கேட்கிறார்,
சரியாக ஓடுகிறதா என்று.
நீங்கள் இதை நம்ப வேண்டாம்.
எங்காவது எழுதி வையுங்கள்.
வில்வே."

படிவத்தில் வயது உண்டு. பால், தேதி,
மருந்தின் தொகுதி எண் உண்டு.
காதிரைச்சலுக்கு எட்டு இலக்கத்தில் ஓர் எண்.
ஓடாத ரேடியோவுக்குக் கட்டம் இல்லை.

கணக்கு அவளுக்குத் தெரியும்.
ஊசியே இல்லாத வருஷங்களிலும்
யார் யாருக்கோ காதில் இரைச்சல் தொடங்கியிருக்கிறது,
ஏதோ ஒரு செவ்வாயில், காபிக்கு நடுவே.
நாடே வரிசையில் நின்று கைநீட்டிய மாதத்தில்
அந்தச் செவ்வாய்களில் பல
எவருக்காவது ஐந்தாம் நாளாகத்தான் இருக்கும்.
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.
இங்கே பனை கிடையாது.
காக்கைகள் மட்டும்
எமாயோகி ஆற்றின் உடையும் பனிக்கட்டிமேல்
உட்கார்ந்து உட்கார்ந்து எழுகின்றன.
விழுந்ததை எல்லாம் எண்ணி,
காக்கை உட்காராத மரத்தடிக்கும் போய் எண்ணி,
கழித்துப் பார்ப்பது அவள் வேலை.
மிஞ்சுவது பெரும்பாலும் பூஜ்யம்.
எப்போதாவது பூஜ்யம் இல்லை.
அப்போதும் முதலில் வருவது
இப்படி ஒரு கட்டம் போட்ட தாள்தான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது
ஒரே பானையில் வெந்த அரிசிக்கு.
இங்கே ஒவ்வொரு பருக்கைக்கும் தனி அடுப்பு.
ஆனால் வேகாதது பல்லில் பட்டவனிடம்
பானையின் சராசரியைச் சொல்லி என்ன செய்ய?

யாரிடமும் அவள் சொன்னதில்லை.
அவளுக்கும் காதில் ஒன்று உண்டு.
இடது காது. கெட்டில் கொதிக்கப் போகும்போது வருமே, அது.
தொடங்கியது பிப்ரவரி பத்தொன்பது இரவு.
பதினான்காம் தேதி அவளுக்கு ஊசி.
அன்று பனிப்புயல், பேருந்து வரவில்லை.
நேரத்தை மார்ச்சுக்கு மாற்றிக்கொண்டாள்.

பேருந்து வந்திருந்தால்
ஐந்தாம் நாள்.
பேருந்து வந்திருந்தால்
உலகத்தின் எந்த அட்டவணையும்
அவளை அசைத்திருக்காது.

எண்டெலுக்குப் பேருந்து வந்துவிட்டது.
அவ்வளவுதானா?
அப்படி நினைக்க அவளுக்குப் பிடித்திருக்கிறது,
அதனாலேயே நம்ப முடியவில்லை.
அவள் காது அவர் காதுக்குச் சாட்சி ஆகாது.
அதுவும் ஒரு கதை.
தேதி மட்டும் துல்லியமான கதை.

மதியம் போன் செய்தாள். எடுத்தது அவரே.
"என்ன சுருதி?" என்று கேட்டாள்.
படிவத்தில் இல்லாத கேள்வி.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு அறுபத்தெட்டு வயதுக் குரல்
வெட்கத்தோடு, மூக்கால்,
ஒற்றை ஸ்வரத்தை முனகிக் காட்டியது.
அவளுடையதைவிட அரைப்படி கீழே.

"ஊசியாலா?"

"தெரியவில்லை. இதுவரை வந்த எண்ணிக்கை
வழக்கத்தைத் தாண்டவில்லை.
தாண்டுகிறதா என்று பார்க்கத்தான்
உங்களையும் எண்ணுகிறேன்."

"நான் ஒருத்தன்தானே."

"ஆமாம்," என்றாள். "ஒன்று."

பின்னால் ஒரு பெண்குரல்,
எழுதிக்கொண்டாளா, கேள், கேள் என்றது.

நாலாயிரத்து நூற்றுப் பதினேழாவது வரி.
காரணம் என்ற இடத்தில்
இப்போதைக்கு மதிப்பிட இயலாது.
கடைசியில், 'பிற குறிப்புகள்',
எவரும் நிரப்பாத அந்தப் பெட்டியில்
தட்டச்சு செய்தாள்:

ரேடியோ ஓடவில்லை.